பிக்சர் டியூப் டிவியில் நிறத் திட்டா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

பழைய கேம் விளையாடப் பிக்சர் டியூப் டிவி தேடி வாங்கும் தம்பிகள் இப்போது அதிகம். 2006-ல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் இலவச டிவிகூட வருகிறது. வாங்கின கையோடு பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வைப்பார்கள், அதிலுள்ள காந்தத்தால் திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழும். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தும் திட்டு போகவில்லை என்றால், பின்மூடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

கழுத்து வளையங்களைத் திருகுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். கலர் டியூபில் கண்ணாடிக்குப் பின்னால் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்குமான எலெக்ட்ரான் கற்றைகள் அந்த ஓட்டை வழியாக நுழைந்து தத்தம் நிறப் பாஸ்பரில் (கற்றை பட்டால் ஒளிரும் பூச்சில்) விழ வேண்டும். தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் கற்றை துளி விலகிப் பக்கத்து நிறத்தில் விழும், அவ்வளவுதான் கோளாறு. டியூபின் கழுத்தில், கற்றைகளைச் சரியான இடத்தில் விழவைக்க மாட்டியிருக்கும் காந்த வளையங்களால் வந்த கோளாறே இல்லை இது. "கொஞ்சமாத்தான் திருப்பினேன் அண்ணே" என்று ஒரு தம்பி 21 இன்ச் செட்டைத் தூக்கி வந்தார். கம்பெனியில் வைத்த பெயின்ட் முத்திரை உடைந்து, ஆறு வளையமும் ஆளுக்கொரு திசையில். முதலில் டீகாஸ் செய்து (ஏறிய காந்தத்தை நீக்கி), கற்றைகளைத் திரை முழுக்க ஓடவைக்கும் யோக் என்ற காயிலைப் பின்னால் இழுத்து, சிவப்பை மட்டும் எரியவிட்டு, அந்தப் பட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து, யோக்கை மறுபடி முன்னால் தள்ளி, அப்புறம் நான்கு துருவ வளையத்தில் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து, ஆறு துருவ வளையத்தில் இரண்டையும் பச்சைமேல் உட்காரவைக்க வேண்டும். ஒரு நாள் பிழைப்பு போச்சு. கைக்கெட்டும் தூரத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

உடனே உடனே ஆன்-ஆஃப்

ஆன் செய்ததும் கேட்கும் அந்த 'டம்' சத்தம்தான் உள்ளே இருக்கும் டீகாஸ் காயில். அதை இயக்கும் பாசிஸ்டர் என்ற பாகம் சூடாகிவிடும், அது ஆறினால்தான் மறுபடி வேலை செய்யும். மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். பல செட்டுகளில் ரிமோட்டில் அணைத்தால் பலன் இருக்காது.

கைக் காயிலைத் திரைமுன்னே அணைப்பது

கையில் பிடித்து டீகாஸ் செய்யும் காயிலைத் திரைமுன் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஆறடி பின்வாங்கி, அப்புறம் அணையுங்கள். கிட்டத்திலேயே அணைத்தால் புதுத் திட்டுதான்.

நியோடிமியம் காந்தம்

திட்டைப் போக்க இந்த வலுவான காந்தத்தைத் திரைப்பக்கம் கொண்டுபோக வேண்டவே வேண்டாம். தகடு வளைந்துவிட்டால் டீகாஸாலும் சரியாகாது.

எல்சிடி, எல்இடி

பயமில்லை. அதில் வளைக்கக் கற்றையே கிடையாது.