ஜீப் டிரான்ஸ்ஃபர் கேஸ்: கசியாமல் அடிமூடி மாட்டுவது

பழைய வில்லிஸ் ஜீப்பின் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் கியர் பெட்டி) அடியிலுள்ள தகட்டு மூடியை எடுத்துவிட்டு அலுமினிய மூடி போடுகிறவர்கள், கசிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெட்டிக்குள் நடு கியரைத் தாங்கும் இடைத் தண்டின் பின்முனையில் கசியும் எண்ணெய் வழிந்து வந்து, பழியை மூடியின்மேல் போட்டுவிடும். அப்படியானால் புது மூடி வீண் செலவு.

பழைய கேஸ்கெட்டை (மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) நான் பித்தளைச் சுரண்டியால் மட்டுமே எடுப்பேன். உலோகம் அரைக்கும் இயந்திரத்தைப் பெட்டியின் முகத்துப் பக்கம் கொண்டுவராதீர்கள். புது மூடி பளபளக்கிறது என்பதற்காகத் தட்டையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கனமான கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து மூடியைத் தேயுங்கள். தேயாத இடம்தான் பள்ளம். முகம் முழுவதும் ஒரே நிறமாகும்வரை விடக்கூடாது. இதில் பொறுமை இல்லாதவருக்கு எந்த சீலன்ட்டும் உதவாது.

இரு முகங்களையும் தின்னரால் துடைத்து, கேஸ்கெட்டின் இருபுறமும் மெல்லிதாக சீலன்ட் (கசிவடைக்கும் பசை) பூசுங்கள். அதிகமானால் உள்ளே பிதுங்கி எண்ணெயில் உதிரும். உட்புறம் திறந்திருக்கும் துளைகளுக்குரிய போல்ட் மரைகளிலும் பூச வேண்டும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான். எதிரெதிர் போல்ட்களாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

மறுநாள், நிரப்பும் துளையின் விளிம்புவரை கியர் ஆயில் ஊற்றுங்கள். ப்ரீதரை, அதாவது பெட்டியின் காற்றுப்போக்கியைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, எண்ணெய் வேறு வழி தேடும்.