பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’: பலகையைப் படிப்பதும் பதிவைச் சரிபார்ப்பதும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து என் தந்தை படுத்திருந்த அறைக்கு, ஒரே முற்பகலில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். மூவரும் வெள்ளை அங்கி அணிந்திருந்தார்கள்; மூவரையும் செவிலியர் ‘டாக்டர்’ என்றே அழைத்தார். ஒருவர் அறுவை செய்த எலும்பியல் மருத்துவர், ஒருவர் பிசியோதெரபிஸ்ட், இன்னொருவர் மருந்துகள் பற்றிய பட்டப்படிப்பான பார்ம்.டி படித்தவர். காலை மெல்ல மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்டிடம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியை எப்போது நிறுத்தலாம் என்று தந்தை கேட்டார். “ஐயா, அதை ஆபரேஷன் பண்ணின டாக்டர்தான் சொல்லணும்” என்று அந்தப் பெண் உடனே சொல்லிவிட்டதால் குழப்பம் அதோடு தீர்ந்தது. எல்லா இடத்திலும் எதிரில் இருப்பவர் இப்படித் தாமாகச் சொல்லிவிடுவார் என்று இருந்துவிட முடியாது என்பதால், நோயாளியின் பக்கத்திலிருந்து சரிபார்க்கும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ‘டாக்டர்’ என்ற முன்னொட்டை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. எம்.பி.பி.எஸ். என்பது இளநிலைப் பட்டம். அதைப் படித்தவரை டாக்டர் என்பது மரபு. லத்தீனில் அச்சொல்லின் வேர்ப்பொருள் கற்பிப்பவர் என்பதாகும். தமிழில் மருத்துவர், முனைவர் என்று இரண்டு தனிச் சொற்கள் இருப்பதால் நமக்கு இந்தச் சிக்கலே வந்திருக்கக் கூடாது. ஆனால் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் அவற்றை விட்டுவிட்டு ‘டாக்டர்’ என்பதையே விரும்புகிறார்கள். நம் மாநிலத்தின் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே உள்ள ‘டாக்டர்’ எம்.ஜி.ஆருடைய மதிப்புறு முனைவர் பட்டத்தைக் குறிப்பது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சொல் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்பது விளங்கும்.

சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பது பதிவைத்தான். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவின்படி, மாநில அல்லது தேசிய மருத்துவர் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தகுதி பெற்ற மருத்துவராகத் தொழில் செய்தால், ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதற்கு மாறாக, ஆங்கில மருத்துவப் பட்டம் பெற்றவர்போல் பொய்யாகப் பட்டம் சூட்டிக்கொள்வதை 1916-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் குற்றம் என்றாலும், முதல் முறைக்கு அதில் சொல்லப்பட்ட அபராத உச்சவரம்பு 250 ரூபாய். இன்று அது ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைப் பார்க்கும் கன்சல்டிங் கட்டணத்துக்குக்கூடப் போதாது.

ஆகவே பலகையில் பெயருக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் படிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். இருந்தால் ஆங்கில மருத்துவம், பி.டி.எஸ். பல் மருத்துவம், பி.எஸ்.எம்.எஸ். சித்தம், பி.ஏ.எம்.எஸ். ஆயுர்வேதம், பி.யு.எம்.எஸ். யுனானி, பி.எச்.எம்.எஸ். ஓமியோபதி. இவர்கள் அனைவரும் அவரவர் துறைக்கான மன்றத்தில் பதிவு செய்த மருத்துவர்களே. அவர்களைப் போலி என்று பேசுவது அறியாமை. எந்த மருத்துவ முறையில் அவருக்குப் பயிற்சி என்பதே நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. எம்.டி. என்ற இரண்டெழுத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அடைப்புக்குறிக்குள் ‘சித்தா’ என்றோ ‘ஓமியோ’ என்றோ சிறிய எழுத்தில் இருக்கலாம். ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் பெற்ற எம்.டி. பெரும்பாலும் நம் எம்.பி.பி.எஸ்ஸுக்கு நிகரான அடிப்படைப் பட்டமே, முதுநிலைப் பட்டம் அன்று. பெயருக்குப் பின்னால் ‘ஆர்.எம்.பி.’ (பதிவு பெற்ற மருத்துவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் இருந்து, பட்டமும் பதிவு எண்ணும் காணப்படாவிட்டால், அங்கே ஊசி போட்டுக்கொள்ளாமல் எழுந்து வருவதே நல்லது.

அடுத்தது பதிவு எண். அதைக் கிளினிக்கில் பார்வைக்கு வைப்பதும், மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் குறிப்பிடுவதும் 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி மருத்துவரின் கடமை. கேட்பதற்கு நாம் கூச்சப்படத் தேவையில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு என்ற பகுதிக்குப் போய், மாநில மன்றத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணை இட்டால் பெயர், தந்தை பெயர், பட்டம், பல்கலைக்கழகம், பதிவு செய்த ஆண்டு ஆகியவை வரும். எண்கள் மாநிலவாரியாகத் தரப்படுவதால், மன்றத்தைத் தேர்ந்தெடுக்காமல் தேடினால் அதே எண்ணில் வேறு மாநிலத்தவர் எவரேனும் வந்து நிற்பார். பெயரைக் கொண்டு தேடும்போது நம் ஊர் இனிஷியல் பெரிய தொல்லை: பலகையில் ‘எஸ். கவிதா’ என்றிருப்பவர் பதிவேட்டில் ‘கவிதா சுந்தரம்’ என்றிருக்கலாம். எண் உண்மையாக இருந்து பட்டமும் வயதும் பொருந்தாவிட்டால், அடுத்தவர் எண்ணை யாரோ பயன்படுத்துகிறார் என்று ஐயப்பட இடமுண்டு. தேசியப் பதிவேட்டில் இல்லையென்றால் உடனே போலி என்று முடிவுகட்டாமல், தமிழ்நாடு மருத்துவ மன்றத்திலும் பார்த்துவிட வேண்டும். பல் மருத்துவருக்கும் சித்த மருத்துவருக்கும் அவரவர் மன்றப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

பிசியோதெரபிஸ்டுகள் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா என்பது சூடான சர்ச்சை. 2025-இல் அவர்கள் படிப்புக்கு வந்த புதிய பாடத்திட்டம், பெயருக்குப் பின் ‘பி.டி.’ என்று சேர்த்துக்கொண்டு அம்முன்னொட்டைப் பயன்படுத்தலாம் என்றது. செப்டம்பரில் மத்தியச் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அதை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதி, சூட்டோடு சூடாக அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால், முன்னொட்டுக்காகச் சண்டையிடுவதைவிட, எந்தத் துறை என்பதை அதே அளவு எழுத்தில், தமிழில், பலகையிலும் சட்டைப்பை அட்டையிலும் எழுத வேண்டும் என்று விதித்தாலே போதும். அதுவரை, “நீங்கள் எந்தத் துறை?” என்று அறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் கேட்டுவிடுவதே நோயாளிக்கு உள்ள எளிய வழி. முறையாகப் படித்தவர்கள் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஐயம் உறுதிப்பட்டால் நேரில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். பலகை, மருந்துச் சீட்டு, ரசீது ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டு, மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தரலாம். 104 என்ற எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். அங்கே வாங்கிய மாத்திரைகளை ஆத்திரத்தில் குப்பையில் போட்டுவிடாமல், அட்டையோடு எடுத்துப்போய் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். போலி மருத்துவர்கள் கொடுக்கும் மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. பல வாரம் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அதைப் படிப்படியாகக் குறைப்பதைப் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.