புதியவருக்குப் புரியும்படி மென்பொருள் கைநூல் எழுதுவது எப்படி? கொழுந்துக் கணக்கை வைத்து ஒரு பயிற்சி

கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் இலவசமாகப் பாவித்து, பிரதியெடுத்து, திருத்தக்கூடிய மென்பொருளுக்கு) பங்களிக்க புரோகிராமிங் தெரிய வேண்டும் என்று நினைத்து ஒதுங்கி நிற்பவர்கள் நம் மலையகத்தில் நிறையப் பேர். தெரிய வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்தவர்கூட நல்ல கைநூல் எழுதலாம். சொல்லப்போனால், இப்போதுதான் கற்றவருக்கே அது நன்றாக வரும். எந்த இடத்தில் கை நின்றது என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

பயிற்சிக்கு லிப்ரே ஒஃபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் கணக்குப் போட உதவும் அட்டவணைப் பகுதியான கல்க்கை எடுத்துக்கொள்வோம். அன்றாடம் பறித்த தேயிலைக் கொழுந்தின் கிலோவைப் பதிந்து மாத முடிவில் கூட்டுவதுதான் வேலை. 10ஆம் திகதி சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படி 1: யாருக்கு, எதற்கு

"கல்க் அறிமுகம்" என்று தலைப்பு வைத்தால் எங்கே நிறுத்துவதென்றே தெரியாது. "ஒரு மாதக் கொழுந்துக் கணக்கைக் கூட்டுவது" என்று வையுங்கள். வாசிப்பவர் போனில் வட்ஸ்அப் பாவிப்பார், மகனின் லெப்டொப்பைத் திறக்கத் தெரியும், அவ்வளவுதான். நோம் (ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோ), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), மேலதிகக் கிலோ எல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதை விளக்கப் போகாதீர்கள். செல் (அட்டவணையின் ஒரு கட்டம்) என்றால் என்ன என்று சொல்லுங்கள்.

படி 2: தொடங்குமுன் என்ன வேண்டும்

மென்பொருளின் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா, டவுன்லோட் அளவு ஆகிய மூன்றையும் மேலேயே எழுதுங்கள். 2024 முதல் லிப்ரே ஒஃபிஸ் தன் பதிப்பு எண்ணிலேயே ஆண்டையும் மாதத்தையும் வைத்துக்கொள்கிறது. 24.2 என்றால் 2024 பெப்ரவரி. கைநூல் எவ்வளவு பழசு என்பது அதிலேயே தெரிந்துவிடும். விண்டோஸ் பதிப்பு 300 எம்பிக்கு மேல் வரும். டேட்டா கார்ட் போட்டு இறக்குபவருக்கு இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதியில் டேட்டா தீர்ந்துவிடும். பென் டிரைவில் பிரதியெடுத்துக் கொடுக்க உரிமம் இடம் தருகிறது என்பதையும் சேருங்கள்.

படி 3: ஒரு செயல், ஒரு விளைவு

ஒவ்வொரு படியிலும் ஒரு செயல் மட்டும். அதன் கீழே, திரையில் என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி. இந்த இரண்டாவது வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். பல லெப்டொப்கள் அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருக்கும். அதில் ஒக்டோபர் 5 என்று நினைத்து 5/10/2025 என்று அடித்தால் மே 10 ஆகிவிடும். 13/10/2025 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் படி இப்படி இருக்கட்டும்:

"ஏ2 செல்லில் 2025-10-13 என்று அடித்து எண்டரைத் தட்டுங்கள். திகதி செல்லின் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும்."

ஆண்டு-மாதம்-நாள் என்ற இந்த வரிசையை எந்த நாட்டு அமைப்பிலும் கல்க் திகதியாகவே எடுக்கும்.

கிலோவிலும் ஒரு குழி இருக்கிறது. யாரும் இயல்பாக "18 கிலோ" என்றுதான் அடிப்பார்கள். அடித்தால் அந்தச் செல் எழுத்தாகிவிடும், கூட்டும்போது கல்க் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கிலோ என்ற சொல்லைத் தலைப்பு வரிசையில் மட்டும் போடச் சொல்லுங்கள். பிறகு 18, 21, 16 என்று மூன்று எண்களைக் கொடுத்து, சிக்மா (Σ) பொத்தானால் கூட்டி, 55 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 37 வந்தால் முதல் செல்லில் எண்ணோடு வேறேதோ இருக்கிறது, அதையும் எழுதிவிடுங்கள்.

படி 4: படமும் எழுத்தும்

ஸ்கிரீன்ஷொட் குறைவாகப் போதும். வாசிப்பவர் இதைக் கொமினிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுப்பார். உங்கள் சிவப்பு அம்புக்குறி சாம்பலில் கரைந்துபோகும். வட்டத்துக்குள் எண் போட்டால் தப்பும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் மட்டுமே.

படி 5: பேசாமல் பார்த்திருங்கள்

இதைச் செய்யாமல் வெளியிட வேண்டாம். கல்க்கைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் தாளையும் லெப்டொப்பையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமருங்கள். "இதா தம்பி அமத்துறது?" என்று கேட்பார். "தாள்ல என்னக்கா போட்டிருக்கு?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மௌஸை நோக்கி உங்கள் கை போகும், மடக்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்திலும் தாளில் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் கோடு விழுவது சேமிக்கும் இடத்தில்தான். "சேமியுங்கள்" என்றால் போதாது. எந்த ஃபோல்டர், என்ன பெயர், நாளைக்கு எப்படித் திறப்பது என்பதெல்லாம் வேண்டும். கோடு விழுந்த படிகளைத் திருத்திய பிறகு வேறொருவரிடம் கொடுங்கள். முதலாமவர் இப்போது பழகிவிட்டார், இனி உதவமாட்டார்.

படி 6: அனுப்புவது

லிப்ரே ஒஃபிஸுக்குத் தனி ஆவணக் குழு இருக்கிறது. நீங்கள் எழுதுவது கிட்ஹப்பில் (மென்பொருள் திட்டங்களின் கோப்புகளை வைத்திருக்கும் இணையதளத்தில்) உள்ள வேறு திட்டத்துக்கு என்றால் ரீட்மீ என்ற அதன் அறிமுகக் கோப்பைத் திறந்து பென்சில் அடையாளத்தை அழுத்துங்கள். உங்களுக்கென ஒரு பிரதியை கிட்ஹப்பே எடுத்துத் தரும். திருத்தி, என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி, புல் ரிக்குவெஸ்ட் (உங்கள் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் போதும். முழுக் கைநூலையும் ஒரேயடியாக அனுப்பாமல், முதலில் ஒரு படியை மட்டும் அனுப்பிப் பாருங்கள். சிறிய மாற்றத்தைப் பார்த்துச் சேர்ப்பது திட்டத்தை நடத்துபவர்களுக்கும் லேசு.