வரிக்குப் போட்ட நம்பரை வைத்து ஆம்புலன்ஸ் வீடு கண்டுபிடிக்காது

நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். 31 வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஊரின் பாதிக் கதவு எண்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரு ராத்திரியோடு அது போயிற்று.

மாமனாருக்கு நெஞ்சுவலி. 108-க்கு அடித்து, "மாரியம்மன் கோயில் தெரு, 12/4பி" என்று பதற்றமில்லாமல்தான் சொன்னேன். வண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு மாரியம்மன் கோயில் தெருவுக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு 12 இருந்தது. திரும்பி வருவதற்குள் கேட் போட்டுவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த பிறகும் 12/4பி கிடைக்கவில்லை. 12/4-க்குப் பக்கத்து வீட்டில் 37 என்று எழுதியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். 12 என்பது ஒரு பெரிய தோட்டம். அண்ணன் தம்பி நாலு பேர் பாகம் பிரித்தபோது 12/1 முதல் 12/4 வரை போட்டேன். நாலாமவர் பின்னால் இரண்டு வீடு கட்டி விற்றார், ஏ, பி சேர்ந்தது. ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக் கதை முழுக்க அந்த எண்ணில் இருக்கிறது, வழி மட்டும் இல்லை. மாமனார் பிழைத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டே வண்டி பைலட், அதாவது ஓட்டுநர், கேட்டார்: "இந்த நம்பரை எவன் சார் போட்டது?" நான் வாயே திறக்கவில்லை.

அதற்கப்புறம் தலைவரையும் செயல் அலுவலரையும் விடாமல் பிடித்து, 15 வார்டுக்கும் தெருப்பெயர், வீட்டு எண் வேலையை முடித்தோம். பக்கத்து ஊர்க் கவுன்சிலர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் செய்யக் கூடாத ஒன்று. "நம் பேரூராட்சிக்கென்று தனியாக ஒரு அவசர எண் வைப்போம்" என்று கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார்கள். வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுக்க உங்களிடம் ஆள் கிடையாது. 108 இருக்கிறது, தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சேர்த்து 112 இருக்கிறது. வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பேரூராட்சி மன்றம் செய்ய வேண்டிய வேலை, அந்த எண்ணுக்கு அடித்தால் வண்டி சுற்றாமல் வந்து சேர வழி பண்ணுவதுதான்.

108-இல் போனை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உங்கள் பிள்ளையார் கோயில் தெரியாது. மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்து அடையாளம் என்று வரிசையாகக் கேட்பார். நாம் "ஆலமரத்துக்குப் பக்கத்துல" என்போம். அந்த மரமும் நிலையில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து ஓய்ந்த காலையில் கடலூர், பண்ருட்டிப் பக்கம் மரத்தை அடையாளம் வைத்து வழி சொன்ன அத்தனை பேரும் ஊமையானோம். 2015 வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் வெளியூர் மீட்புக்காரர்கள் வந்தார்கள். அரக்கோணத்திலிருந்து வருகிற தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு உங்கள் ஊர்ப் பெட்டிக்கடை எப்படித் தெரியும்?

சரி, வேலைக்கு வருவோம். தெருப் பட்டியலில் தொடங்குங்கள். அலுவலகப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். தபால்காரர், மின்கணக்கு எடுப்பவர், சிலிண்டர் போடும் பையன், இந்த மூன்று பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுங்கள். பதிவேட்டில் ஒரு பெயர், ஜனங்கள் வாயில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் தெரு மூன்று, காந்தி தெரு இரண்டு, பெயரே இல்லாத சந்து இருபதுக்கு மேல் வந்தது. மனைப் பிரிவு போட்டவர் தன் பேத்தி பெயரில் வைத்த நகர் ஒன்றும் இருந்தது; அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். எந்தத் தெருவை மாற்றுவது என்பதில்தான் சண்டை வரும். வீடு குறைவாக இருக்கும் தெருவை மாற்றுவது என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள், அப்புறம் யாரும் ஆளுக்கொரு நியாயம் பேச முடியாது. பெயரைக் காகிதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், போனில் சொல்லிப் பாருங்கள். நாங்கள் பேருந்து நிலையத்தில் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு ஒருவர் பெயரைச் சொல்ல, அலுவலகத்தில் இருந்தவர் எழுதினார். வள்ளலார் நகரும் வள்ளுவர் நகரும் அங்கே ஒன்றாகிவிட்டன. வடலூரைச் சுற்றி எந்த ஊரிலும் ஒரு வள்ளலார் நகர் இருக்கும், அதைத் தொட முடியாது. அதனால் வள்ளுவர் நகரைக் குறள் நகர் ஆக்கினோம். சாதிப் பெயரில் இருக்கும் தெருக்களின் பெயரை மாற்றுவது பற்றி 2025 அக்டோபரில் அரசாணையே வந்தது. அவற்றை எப்படியும் பேசியாக வேண்டும் என்பதால் இந்தப் பட்டியலோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். எது மாறினாலும் மன்றத் தீர்மானம், ஆட்சேபணைக்கு அவகாசம், மேலிடத்து ஒப்புதல் என்ற வரிசையை விடாதீர்கள். முகவரியில் வார்டு எண்ணை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வார்டு மறுவரையறை வந்தால் ஊரே முகவரி மாறி நிற்கும்.

இனி எண். நான் 31 வருஷம் செய்த தப்பு, வீடுகளை எண்ணியது. எண்ணினால் நடுவில் புது வீடு வரும்போது இடம் இருக்காது, ஏ பி சி சேரும். தூரத்தை அளக்க வேண்டும். வண்டி உள்ளே நுழைகிற மெயின் ரோட்டு முனைதான் பூஜ்யம். அங்கிருந்து வீட்டு வாசல் எத்தனை மீட்டரில் இருக்கிறதோ அதுதான் எண். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. வலப்பக்கம் 86 மீட்டரில் கேட் இருந்தால் 86. அதே இடத்தில் எதிர்ப்பக்கம் கேட் இருந்தால் 85. காலி மனை இருந்தால் அந்த எண்கள் சும்மா காத்திருக்கும், நாளைக்கு வீடு வந்தால் எடுத்துக்கொள்ளும். 240-ஆம் எண் என்றால் கால் கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும் என்று ஓட்டுநருக்கு முனையிலேயே தெரிந்துவிடுகிறது.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் 30 மீட்டர் டேப், ஒரு சாக்பீஸ், மூன்று ஆள். முதல் தெருவை நானும் ஒரு தூய்மைப் பணியாளரும் ஒரு பிளஸ் டூ பையனும் அளந்தோம். பையன் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடுவான், 30 மீட்டருக்கு ஒரு முறை சாலையில் கோடு போடுவான், நான் கேட்டுக்கு நேராக எண் எழுதுவேன். ஒரு ஆயா திண்ணையிலிருந்து இறங்கி வந்தது.

"ஏம்பா, தெருவுல மொத்தமே முப்பது வீடு. என் வூடு எப்படி 86 ஆவும்?"

"முனையிலேர்ந்து உன் கேட்டு 86 மீட்டர் ஆயா."

"அப்ப எதிர்வூட்டுக்காரி?"

"அவங்க 85."

"அவ எனக்கு முன்னாடியா?" என்று அரை மணி நேரம் பிடித்துக்கொண்டது.

இன்னொருவர் 107 வேண்டாம், கூட்டுத்தொகை 8 வருகிறது என்றார். கேட்டை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் 109 தருகிறேன் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு 107-க்கே சம்மதித்தார். ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தால் தெருவே ஜோசியரோடு வந்து நிற்கும்.

ஜனங்களின் உண்மையான பயம் வேறு. ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் மாற்ற அலைய வேண்டுமோ என்பது. பழைய கதவு எண்ணையும் வரிவிதிப்பு எண்ணையும் நாங்கள் தொடவில்லை. பதிவேட்டில் இரண்டுக்கும் பத்தி இருக்கிறது, இன்ன பழைய எண்ணும் இன்ன புது எண்ணும் ஒரே வீடு என்று தீர்மானத்திலேயே எழுதினோம். ஆனால் வீட்டு முகப்பில் ஒரே எண்தான். "புது எண், பழைய எண்" என்று இரண்டையும் சுவரில் எழுதினால் பதற்றத்தில் இருக்கிறவர் எதைச் சொல்வார் என்று சொல்ல முடியாது.

பலகை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு நகரத்துக்குள் போனால் தெரு முனையில் நீலப் பலகை, வெள்ளை எழுத்து, தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கும், நின்று தேட வேண்டியதில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டம் (பிளாக்) எண்ணைச் சொன்னாலே பாதி வழி முடிந்துவிடும். நம் ஊரில் பலகை வைத்தவர் பெயர் பெரிதாகவும் தெருப்பெயர் சின்னதாகவும் இருக்கும். நன்கொடையாளர் பெயரைப் பின்பக்கம் போடுங்கள். தெருவின் இரண்டு முனையிலும், போஸ்டர் ஒட்டக் கை எட்டாத உயரத்தில், ஹெட்லைட் பட்டால் மின்னுகிற ஷீட்டில் வையுங்கள். பலகை புயலில் பறந்தாலும் இருக்கட்டும் என்று முனை வீட்டுச் சுவரிலும் பெயின்டில் ஒரு முறை எழுதிவிடுங்கள். வீட்டு எண் தகட்டைக் கேட்டில் மாட்டாதீர்கள். கேட்டைத் திறந்து வைத்தால் தகடு உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் வரும்போது எல்லோரும் கேட்டைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். தூணில் அடியுங்கள். நாங்கள் அறுபது வீட்டில் கேட்டில் மாட்டி, திரும்பக் கழற்றினோம்.

வீடே இல்லாத இடங்கள் இருக்கின்றன: வயல் வரப்பு, ஏரிக்கரை, முந்திரித் தோப்பு. அங்கே பாம்புக்கடிக்குக் குறைவில்லை. அங்கெல்லாம் மின்கம்பத்தில் பெயின்டில் எண் எழுதியிருக்கும். எந்தக் கம்பம் எந்தப் பாதையில் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாதத்தில் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டர் கட்டங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கம். நல்ல ஏற்பாடு, பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் மூச்சு வாங்குகிற கிழவரோ அவர் மனைவியோ அதை வாயால் சொல்ல மாட்டார்கள். தெருப்பெயரும் எண்ணும்தான் வாயில் வரும்.

அதையும் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் அடித்தோம். தமிழ்நாடு, கடலூர் மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, எண், எந்த மெயின் ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மாநிலப் பெயர் எதற்கு என்று கேட்டார்கள். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. பாகூர் பக்கமெல்லாம் தமிழ்நாடும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கின்றன. அந்த எல்லையில் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று யார் கண்டது? போனை எடுப்பவர் எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் நாம் எங்கே இருக்கிறோம் என்று முதலில் தெரியட்டும். போனை அவர் வைக்கும் வரை நாம் வைக்கக் கூடாது. வண்டியிலிருந்து திரும்ப அழைப்பார்கள், அதே போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு ஆள் டார்ச்சோடு தெரு முனைக்குப் போக வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் வரைபடத்தோடு காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு ஆரம்ப சுகாதார நிலையம், தபால் நிலையம், 108-இன் மாவட்ட அலுவலர் என்று நேரில் போய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் பீரோவுக்குத்தான் போகும். கூகுள் மேப்பில் தெருப்பெயர்களை ஏற்றும் வேலையைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் விட்டோம், சீக்கிரம் முடிந்தது. தண்ணீர் மோட்டார் இயக்குபவர், தெருவிளக்கு எலக்ட்ரீஷியன், ஜேசிபி வைத்திருப்பவர், இவர்கள் எண்களை மட்டும் அலுவலகச் சுவரிலும் காவல் நிலையத்திலும் ஒட்டினோம்.

சோதித்துப் பார்க்க 108-க்குப் பொய்யாக அடிக்காதீர்கள், உண்மையான ஒருத்தருக்குப் போக வேண்டிய வண்டி அது. நாங்கள் பண்ருட்டியிலிருந்து எங்கள் ஊரே தெரியாத ஒரு ஆட்டோக்காரரை ராத்திரி பதினோரு மணிக்கு வரவழைத்தோம். பேருந்து நிலையத்தில் நிறுத்தி, பத்து முகவரிகளைப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னோம். யாரையும் வழி கேட்கக் கூடாது என்று நிபந்தனை. எட்டைக் கண்டுபிடித்தார். ஒன்றில் முனைப் பலகையை வேப்பங்கிளை மறைத்திருந்தது. இன்னொன்றில் தகட்டின் மேல் திருஷ்டி பூசணிக்காய் பொம்மை தொங்கியது.

பதிவேடு இப்போது என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. புது வீட்டுக்குக் கட்டட அனுமதி கொடுக்கும்போதே எண்ணும் போய்விட வேண்டும், அது அவர் பொறுப்பு. போன வாரம் போன் செய்தார். "சார், இரண்டாவது குறுக்குத் தெருவில் 41-க்காரர் மாடியை வாடகைக்கு விட்டு, படிக்கட்டைத் தெருப்பக்கம் தனியாக இறக்கியிருக்கிறார். 41ஏ போடவா?"

"ஏ போடாதேம்மா. படிக்கட்டு எத்தனையாவது மீட்டரில் இறங்குகிறது?"

டேப் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, 43 போட்டிருக்கிறார்.