டார்வின் கடிதங்களை மேற்கோள் காட்டும் முன்

'மூலதனம்' நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்க மார்க்ஸ் அனுமதி கேட்டார், டார்வின் மறுத்துவிட்டார் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. ஆதாரம் 1880 அக்டோபர் 13 தேதியிட்ட ஒரு கடிதம். அது டார்வின் எழுதியதுதான், மார்க்ஸின் காகிதங்களோடுதான் கிடைத்தது. ஆனால் அதில் பெறுநர் பெயர் இல்லை, 'ஐயா' என்ற விளி மட்டும்தான். காகிதம் இருந்த கட்டை வைத்து, வந்தது மார்க்ஸுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

உண்மையில் அது எட்வர்ட் ஏவ்லிங்குக்கு எழுதிய பதில். அவர் மார்க்ஸின் மகள் எலினோரோடு பின்னாளில் வாழ்ந்தவர். டார்வினை விளக்கித் தாம் எழுதிய நூலுக்காக முந்தைய நாள்தான் அனுமதி கேட்டு எழுதியிருந்தார். மார்க்ஸின் காகிதங்களில் ஒரு பகுதி எலினோரிடம் வந்தபோது மார்க்ஸ், ஏவ்லிங் இருவர் கட்டுகளும் கலந்துவிட்டன. 1970களில், டார்வினின் காகிதங்களில் ஏவ்லிங்கின் கடிதம் கிடைத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. கடிதத்தை நிதானமாகப் படித்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். மதத்தை நேரடியாகத் தாக்கி எழுதுவதால் பெரிய பலன் இல்லை என்கிறார் டார்வின். பொருளாதார நூல் ஒன்றுக்கான பதிலில் அந்தப் பேச்சு எதற்கு? இந்த இடம் எனக்கு இன்னமும் வருத்தம் தருகிறது.

அடுத்த தவறு, பின்னால் எழுதிய நினைவை அன்றைய பதிவாக எடுத்துக்கொள்வது. 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினின் ஆதரவாளர் ஹக்ஸ்லிக்கும் எதிர்ப்பாளர் பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கும் பரிணாமக் கொள்கை பற்றி வாக்குவாதம் நடந்தது. உங்களுக்குப் பாட்டி வழியிலா தாத்தா வழியிலா குரங்கு முன்னோர் என்று ஹக்ஸ்லியிடம் பிஷப் கேட்டதாகச் சொல்வார்கள். அன்று பேசியதை யாரும் சொல்லுக்குச் சொல் எழுதி வைக்கவில்லை. அந்தப் புகழ்பெற்ற வடிவம் பரவியது 1898-இல் அச்சான ஒரு நினைவுக் கட்டுரையால். இரண்டு நாள் கழித்து டார்வினுக்கு எழுதிய அவருடைய நண்பர், தாவரவியலாளர் ஹூக்கரோ, ஹக்ஸ்லியின் குரல் அவ்வளவு பெரிய கூட்டத்தை எட்டவில்லை, பிஷப்பை மடக்கியது தான்தான் என்கிறார். சரி, அவரும் தன் பக்கம் சாய்ந்துதானே எழுதியிருப்பார். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

பதிப்பைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கடைசி வாக்கியத்தில் 'படைத்தவரால்' என்ற சொல் 1859 முதல் பதிப்பில் இல்லை, 1860 இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. பொதுமக்கள் கருத்துக்குப் பணிந்து படைப்பு என்ற சொல்லைக் கையாண்டதற்காக வருந்துவதாக 1863-இல் ஹூக்கருக்கு எழுதினார் டார்வின். அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை நாத்திகர் என்றும் சொல்லக்கூடாது. கடவுளை மறுக்கும் பொருளில் தான் ஒருபோதும் நாத்திகனாக இருந்ததில்லை என்று 1879-இல் அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் தேதி. டார்வின் பல கடிதங்களில் ஆண்டைக் குறிக்கவே இல்லை. 1974-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் பதிப்புத் திட்டத்தில் சுமார் 15,000 கடிதங்கள் தொகுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டைப் பார்த்தால், அது டார்வின் எழுதியதல்ல, பதிப்பாசிரியர்கள் ஆய்ந்து கணித்தது. மேற்கோள் காட்டும்போது அந்த அடைப்புக்குறியையும் விடாமல் எழுதுங்கள்.