ரேஸிலிருந்து வந்த கிரேஹவுண்ட்: வீட்டில் பராமரிக்கும் முறை, படிப்படியாக

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தத்துக்குக் கிடைக்கும் கிரேஹவுண்டுகளில் பெரும்பாலானவை ரேஸ் ஓடி ஓய்வுபெற்றவை, அல்லது வேகம் போதாது என்று ஒதுக்கப்பட்டவை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2020 இறுதியோடு இந்த ரேஸ் நின்றுபோனது. நியூசிலாந்து அரசும் நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. ஆக, வீடு தேடும் நாய்களுக்குப் பஞ்சமில்லை.

முதல்முறை வளர்ப்பவர்கள் தடுமாறுவது ஒரே காரணத்தால்தான். லேப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும் சரியாக இருக்கும் அளவுகோலை இதற்கும் வைத்துப் பார்க்கிறார்கள். கிரேஹவுண்டின் கழுத்து, தோல், எடை, ரத்தம் எல்லாவற்றுக்கும் கணக்கே வேறு.

படி 1: நாய் வருவதற்கு முன்

முதலில் காலர். கிரேஹவுண்டின் தலை கழுத்தைவிட ஒடுக்கமானது. சாதாரண பக்கிள் காலர் போட்டால், நாய் மிரண்டு பின்னால் நகரும்போது அப்படியே கழன்று வந்துவிடும். இழுத்தால் இறுகி, விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் காலர்தான் தேவை. 4 முதல் 5 செ.மீ. அகலம் இருக்கட்டும். போட்டுவிட்டுக் காதுகளுக்குப் பின்னால் ஏற்றி இழுத்துப் பாருங்கள். இறுகிய நிலையில் பட்டையின் இரு முனைகளிலும் உள்ள வளையங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வளையங்கள் முட்டிக்கொண்டால் காலர் இன்னும் தளர்வு என்று பொருள். தலை வழியாகக் கழன்றுவிடும். முதல் சில மாதம் காலரோடு ஹார்னஸும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுவது பாதுகாப்பு.

அடுத்தது படுக்கை. எலும்பின்மேல் சதையும் கொழுப்பும் குறைவு என்பதால், கட்டாந்தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு விழும், சில சமயம் நீர் கோத்து வீங்கும். 10 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் மெத்தை, நாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு.

கென்னலில் (ரேஸ் நாய்களை அடைத்து வளர்க்கும் கூடத்தில்) வளர்ந்த நாய்க்குக் கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று தெரியாது. அதன் கண் உயரத்தில் ஸ்டிக்கரோ டேப்போ ஒட்டிவையுங்கள். வழுக்கும் டைல்ஸ், மரத்தரையில் மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். தோட்டத்து வேலி குறைந்தது 1.5 மீட்டர் இருக்கட்டும், 1.8 மீட்டர் கேட்கும் தத்து அமைப்புகளும் உண்டு.

படி 2: முதல் வாரம்

சிறுநீர், மலம் கழிக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிப் போங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் கட்டாயம். வெளியே போனதும் பாராட்டு, வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். திட்டினால் உங்கள் கண்ணில் படாமல் போகப் பழகுமே தவிர, வெளியே போகப் பழகாது.

கென்னலில் எந்நேரமும் பக்கத்தில் வேறு நாய்கள் இருந்திருக்கும். தனிமை இதற்குப் புதிது. விடுப்பு எடுத்து ஒரு வாரம் கூடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் காலை எட்டு மணி நேரம் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதுதான் பலரும் செய்வது. விளைவு கதவு நிலையில் பல் தடமும் பக்கத்து வீட்டுக்காரரின் புகாரும். முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்: 30 நொடி வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு 2 நிமிடம், 5, 15. புலம்பத் தொடங்கினால் முந்தைய அளவுக்கு இறங்கி, மறுபடி ஏறுங்கள்.

தூங்கும்போது தொட்டால் சில நாய்கள் உறுமும், பல்லையும் காட்டும். தூக்கத்தில் யாரும் தீண்டாமல் வளர்ந்ததால் வரும் திடுக்கிடல் இது. குணக்கேடு என்று நினைத்துவிட வேண்டாம். சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பதால் விழித்திருப்பதாகத் தோன்றும். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலை தூக்கிய பிறகு கிட்டே போங்கள். சின்னக் குழந்தைகள் அதன் படுக்கைப் பக்கமே போகக் கூடாது.

மாடிப்படி ஏறத் தெரியாமல் நின்றால் காலரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் ஒவ்வொரு காலாக எடுத்துப் படியில் வையுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பயத்தில் மேலிருந்து ஒரே தாவாகத் தாவிக் காலை முறித்துக்கொண்ட நாய்கள் உண்டு. இறங்கும்போது ஒருவர் முன்னால் அணைபோல நிற்க வேண்டும்.

படி 3: சாப்பாடு

30 கிலோ நாய்க்கு நல்ல உலர் உணவு நாளொன்றுக்கு 350 முதல் 420 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. உணவுக்கு உணவு கலோரி மாறும் என்பதால் பையில் போட்டிருக்கும் அளவையும் பாருங்கள். கென்னலில் தின்ற உணவிலிருந்து 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பேதி நிச்சயம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு விண்ணென்று இருந்து, வாந்தி வருவதுபோல் குமட்டியும் ஒன்றும் வராவிட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எடையைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ரேஸ் எடையைவிட 2, 3 கிலோ கூடினால் போதும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிய வேண்டும். இடுப்பெலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. "நாயைப் பட்டினி போடுகிறீர்களா?" என்று பூங்காவில் யாராவது கேட்பார்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அவற்றுக்கும் இதே உடல்வாகுதான். ஊர்வாய்க்குப் பயந்து கொழுக்க வைத்தால், பழைய ரேஸ் காயமுள்ள மூட்டுகள்தான் முதலில் வலிக்கத் தொடங்கும்.

நம் சமையலில் மிச்சம் வைப்பதில் கவனம் தேவை. வெங்காயம், பூண்டு விழுந்த சாம்பார் சாதம், திராட்சை போட்ட பாயசம், சாக்லேட் எதையும் வைக்காதீர்கள்.

படி 4: நடையும் கயிறும்

தினம் இரண்டு முறை, 20 முதல் 30 நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் தூங்கும்.

வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். முழு வேகத்தில் இது நொடிக்கு 17, 18 மீட்டர் ஓடும். முயலைப் பார்த்துவிட்டால் நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும். இழுக்க இழுக்க நீளும் கயிறும் கூடாது: கடைசி முனையில் அந்த வேகத்தோடு நிற்கும்போது கழுத்து அடிபடும், உங்கள் கையும் போகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019 முதல் வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடு கட்டாயமில்லை. கயிறு கட்டாயம் என்ற விதி அப்படியே இருக்கிறது. பூனையோ குட்டி நாயோ உள்ள வீட்டில், முதல் சந்திப்புகளுக்கு வாய்க்கூடு போடுவது நல்லது. கென்னலில் பழகியதுதான், தொந்தரவாக நினைக்காது.

வாரக்கணக்கில் சோம்பிக் கிடந்த நாயை வெயிலில் திடீரென்று முழு வேகத்தில் ஓட விட்டால் தசை சிதையலாம். முதுகுத் தசை இறுகி, நடை தள்ளாடி, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது அவசரநிலை; சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் கோட்டு போடுங்கள். கோடையில் விடியற்காலையும் இருட்டிய பிறகும் மட்டும் நடை.

படி 5: பல்

அதிகம் கவனிக்கப்படாததும் அதிகம் செலவு வைப்பதும் இதுதான். பிரிட்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவரிடம் வந்த கிரேஹவுண்டுகளில் 39 சதவீதத்துக்கு ஈறு நோய் பதிவாகியிருந்தது. வேறெந்த நோயும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

நாய்களுக்கென்று விற்கும் என்சைம் பேஸ்ட் வாங்குங்கள். நம் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கும், சிலவற்றில் நாய்க்கு விஷமான சைலிட்டாலும் இருக்கும். முதல் மூன்று நாள் பேஸ்ட்டை விரலில் வைத்து நக்க மட்டும் விடுங்கள். அடுத்த சில நாள் உதட்டைத் தூக்கி, விரலால் பல்லின் வெளிப்பக்கம் தேயுங்கள். அதற்குப் பிறகுதான் பிரஷ். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, பக்கத்துக்கு 30 நொடி. வாயைத் திறக்க வைக்கத் தேவையில்லை. உள்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல்வரிசைப் பின்பக்கத்தில் உள்ள பெரிய பல்லில் கூடுதல் கவனம் வையுங்கள். உமிழ்நீர்க் குழாய் அங்கே திறப்பதால் காரை முதலில் படிவது அதில்தான். தினமும் தேய்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்தால், அதற்குள் படிவு இறுகிவிடும்.

ஏற்கெனவே பழுப்பாகக் கெட்டியாகிவிட்ட காரை பிரஷுக்கு மசியாது. மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். மயக்கமில்லாமல் சுரண்டித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பல் பளபளக்கும், ஈறுக்கு உள்ளே அழுகல் அப்படியே இருக்கும். மான்கொம்பு, கெட்டி எலும்பு கொடுத்தால் பல் பிளக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற பொருளைத்தான் கடிக்கத் தரலாம்.

படி 6: நகமும் பாதமும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1, 2 மி.மீ. மட்டும் வெட்டுங்கள். பெரும்பாலும் கிரேஹவுண்ட் உட்காராது. நிற்க வைத்தோ படுக்க வைத்தோ வெட்டலாம். கறுப்பு நகத்தில் ரத்தச் சதை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைப் பாருங்கள்: முதலில் வெளிறிய பொடிபோல் இருக்கும், நடுவில் ஈரப்பசையோடு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை வைத்து மூன்று நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள்.

கிரேஹவுண்டுக்கே உரிய இன்னொரு தொல்லை கால் ஆணி. மற்ற இனங்களில் அபூர்வம் என்பதால் பல மருத்துவர்களின் கண்ணிலேயே படாது. அடையாளம் எளிது: புல்லில் நன்றாக நடக்கும் நாய் சிமெண்டிலும் சரளையிலும் நொண்டும். முன்காலின் நடுவிரல் இரண்டையும் முதலில் சோதியுங்கள். பாத மெத்தையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், நடுவில் வட்டமாக, வெளிறி, கெட்டியாக ஒரு புள்ளி தெரியும். பக்கவாட்டில் அழுத்தினால் நாய் காலை இழுத்துக்கொள்ளும். மருத்துவர் அதைக் குடைந்து எடுத்தால் அன்றே நடை சீராகும், ஆனால் சில வாரங்களில் திரும்ப வளரும். திரும்பத் திரும்ப வந்தால் விரலை மடக்கும் தசைநாணை வெட்டிவிடும் சிறு அறுவையைப் பற்றிக் கேளுங்கள். அழுத்தம் போய்விடுவதால் பல நாய்களுக்கு ஆணி தானே குறைகிறது. மனிதர்களுக்கு விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்கும் கேடு.

படி 7: தோல்

முள்வேலியில் உரசினாலே கிழியும் தோல் இது. 500 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து காயத்தைக் கழுவி, மூடி, தையல் தேவைப்படும் அளவு என்றால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். தொடையின் பின்பக்கம் முடியில்லாமல் வழவழவென்று இருப்பது பெரும்பாலும் நோயல்ல. உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தை எடை பார்த்து மருத்துவர் தருவதாகவே வாங்குங்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி தோய்த்த கழுத்துப் பட்டைகள் வேண்டாம். ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் இருப்பவர்கள் பக்கவாத உண்ணிக்காகத் தினமும் உடம்பு முழுக்க விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்தாலும், வந்த சில வாரத்தில் மலப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ரேஸ் கென்னல்களில் கொக்கிப்புழு சகஜம், அமெரிக்காவில் மருந்துக்கு மசியாத வகையே பரவியிருக்கிறது.

படி 8: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

நாய் நலமாக இருக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து தாளைப் பத்திரப்படுத்துங்கள். சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களைவிட அதிகம், 50 முதல் 60 சதவீதம் வரை சாதாரணம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையில் இருந்தாலும் பயமில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாக இருக்கும். தைராய்டு ஹார்மோன் T4 இயல்பாகவே குறைவு. இதை மட்டும் பார்த்துத் தைராய்டு மாத்திரை எழுதினால், கிரேஹவுண்டுக்கான அளவோடு ஒப்பிட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

மயக்க மருந்தில் தயோபென்டால் வகையை இந்த இனத்தின் கல்லீரல் மெதுவாகத்தான் வெளியேற்றும். நாய் விழிக்க நெடுநேரமாகும். இன்று பலரும் அதைத் தொடுவதில்லை என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது. அறுவை முடிந்து அன்று நன்றாக இருந்துவிட்டு, 36 முதல் 48 மணி நேரம் கழித்து ரத்தம் கசியத் தொடங்குவதும் இந்த இனத்தில் உண்டு. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வில், கருத்தடை அறுவைக்குப் பிறகு நான்கில் ஒரு நாய்க்கு இப்படி ஆனது. அமினோகேப்ராயிக் அமிலம், டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற, ரத்தக்கசிவைத் தடுக்கும் மருந்துகளை முன்கூட்டியே கொடுப்பது பற்றி அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். மூன்றாம் நாள் காலை வரை தையலைச் சுற்றிக் கன்றிச் சிவப்பது, வீங்குவது தெரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக நொண்டல். நகம், பாதம், ஆணி எதுவும் காரணமில்லை என்று பார்த்தபின், ஆறு வயதுக்கு மேற்பட்ட நாய் ஒரு வாரத்துக்கு மேல் நொண்டினால் 'சுளுக்காக இருக்கும்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புப் புற்றுநோய் கிரேஹவுண்டுகளுக்கு அதிகம் வருகிறது. முன்காலின் மணிக்கட்டுக்கு மேலும் தோளுக்குக் கீழும் தொடங்குவது வழக்கம். அதுவரை வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் கொடுக்க வேண்டாம். ஐபுப்ரோஃபென் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு தவறினால் கல்லீரல் போய்விடும்.