மெடிக்ளைம் இருந்தும் மாத்திரைக்குக் கைக்காசு

இன்ஷூரன்ஸ் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் அம்மாவின் தலைசுற்றல் கதை தவறாமல் வந்துவிடும். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது என்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார்கள். "ஓ.பி.யில் எடுத்தா கிளெய்ம் வராது, ஒரு நாள் அட்மிட் பண்ணிடுங்க" என்று அங்கிருந்த ஒருவரே யோசனை சொன்னார். ஓ.பி. என்றால் அட்மிட் ஆகாமல் வெளிநோயாளியாகப் பார்ப்பது. செய்தோம். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பரிசோதனைக்காக மட்டும் படுக்க வைத்தால் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே இருந்தது. படிக்காதது எங்கள் தப்பு. அறை வாடகையும் தண்டம்.

நம் ஊர் மெடிக்ளைம், அதாவது மருத்துவ இன்ஷூரன்ஸ், அடிப்படையில் அட்மிட் ஆகிப் படுப்பவர்களுக்கானது. பொதுவாக 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், கீமோ போன்றவை காலையில் போய் மாலையில் திரும்பினாலும் 'டே கேர்' கணக்கில் வந்துவிடும். ஆனால் பெரியவர்களுக்கு மாதாமாதம் பணம் கரைவது டாக்டர் ஃபீஸ், சர்க்கரை மாத்திரை, லேப், பிசியோதெரபி என்று சில்லறை சில்லறையாகத்தான். சாதாரண பாலிசி அதைத் தொடாது.

சரி, ஓ.பி. கவர் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், கணக்குப் போடாமல் சேர்ப்பதுதான் அடுத்த தப்பு. 10,000 ரூபாய் வரை தருவார்கள், அதற்குக் கூடுதல் பிரீமியம் 7,000 என்று வையுங்கள். உண்மையான லாபம் 3,000தான், அதுவும் முழுவதையும் பயன்படுத்தினால். மருந்துக்கடை பில் சேருமா, அவர்கள் சொல்லும் கிளினிக்குக்குத்தான் போக வேண்டுமா என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முப்பது வருடமாகப் பார்க்கும் டாக்டரை விட்டுவிட்டு அப்பா ஆப்பில் வேறு டாக்டரைப் பார்ப்பாரா என்பது தனிக் கேள்வி.

70 வயது ஆன யாருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அதுவும் அட்மிட் ஆனால்தான். அந்த அட்டையை நம்பி மாத மருந்துக்கு ஒதுக்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடாதீர்கள்.

பலர் கோட்டைவிடும் பணம் ஒன்று இருக்கிறது. அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள், சில பாலிசிகளில் முன் 60, பின் 90 நாள் வரை, அதே நோய்க்கான ஓ.பி. செலவைத் திரும்பக் கேட்கலாம். மருத்துவமனை பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ்ஸில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்து பில்லைக் கசக்கிப் போட்டுவிடுகிறோம். டாக்டர் சீட்டு, பில், லேப் ரிப்போர்ட் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

"சர்க்கரை இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் உஷாராக இருங்கள். மருத்துவமனையில் டாக்டர் கேட்டதும் அப்பாவே பெருமையாக "பன்னிரண்டு வருஷமா சுகர்" என்பார், அது கேஸ் ஷீட்டில் ஏறும், கிளெய்ம் படுத்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிளெய்ம் கிடைக்கும்வரையிலான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். உண்மையைச் சொல்லிக் காத்திருக்கலாம்.

பாலிசியே இல்லாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரின் மருத்துவச் செலவை, நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், 80டி என்று சொல்லும் வரிச் சலுகையில் 50,000 ரூபாய் வரை காட்டலாம். ஓ.பி. செலவும் சேரும். ரொக்கமாகக் கொடுத்தது மட்டும் சேராது. மருந்துக்கடையில் யுபிஐ போடச் சொல்லி அப்பாவைப் பழக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம், பிரஷர், சர்க்கரை மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியபிறகு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா வாங்கிக்கொள்கிறாள். அப்பாவுக்குத்தான் இன்னும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.